ஸ்கூகில் ஆற்றின் மேற்குக் கரையில்

பிலடெல்பியாவுக்கு வருகிறவர்கள் சுதந்திர மணியைப் பார்க்கப் போவார்கள். நான் முதலில் போனது சவுத் ஸ்ட்ரீட் பாலத்தைத் தாண்டி, ஸ்கூகில் ஆற்றின் மேற்குக் கரைக்கு. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் அங்கே பக்கம் பக்கமாக நிற்கின்றன. கண்ணாடிச் சுவர்கள், ஆம்புலன்ஸ் சத்தம், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்கும் பெற்றோர். கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். ஆனால் இங்கே நடந்தது தெரிந்தவருக்கு வேகமாக நடக்கக் கால் வராது.

இங்கே சோதித்துப் பார்த்த புற்றுநோய்ச் சிகிச்சை இது: நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். கிருமி தொற்றிய செல்லைத் தேடிக் கொல்லும் இந்த வெள்ளணுக்கள், சொந்த உடம்பிலேயே முளைத்த புற்றணுவிடம் பல நேரம் ஏமாந்துபோகும். அதை இனங்காட்டும் மரபணுவை உள்ளே சேர்த்து, ஆய்வகத்தில் பெருக்கி, அதே நோயாளிக்கு ஏற்றுகிறார்கள். மரபணுவைச் சுமந்து செல்வது எது தெரியுமா? நோய் உண்டாக்கும் திறனை நீக்கிய எச்.ஐ.வி. வைரஸ்! இந்த ஆய்வை நடத்திய கார்ல் ஜூன், கடற்படை மருத்துவராக இருந்த காலத்தில் எச்.ஐ.வி.யை ஆராய்ந்தவர்.

2012இல் குழந்தைகள் மருத்துவமனையில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இந்தச் செல்களை ஏற்றினார்கள். கீமோதெரபிக்குப் பிறகும் இரண்டு முறை திரும்பி வந்த இரத்தப் புற்றுநோய் அவளுக்கு. செல்கள் வெறியோடு வேலை செய்ததில் காய்ச்சல் எகிறியது, வென்டிலேட்டரில் கிடந்தாள். இரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்ற புரதம் மிக அதிகமாக இருப்பதைச் சோதனை காட்டியது. ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம். அதனால் அந்தப் புரதத்தை அடக்கும் மூட்டுவாத மருந்து ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. எமிலி கண்விழித்தது அவளுடைய ஏழாவது பிறந்தநாளில். ஒரு தகப்பனின் கவலை இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு உயிராக வந்து சேர்ந்ததை என்னவென்று சொல்ல!

2017இல் அமெரிக்க அரசு இந்தச் சிகிச்சைக்கு அனுமதி தந்தபோது விலை 4,75,000 டாலர். நெஞ்சில் உறுத்துகிற எண். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி, 2023இல் இந்தியாவில் அனுமதி பெற்ற இதே வகைச் சிகிச்சையின் விலை அப்போது ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு. இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை, சிலருக்கு நோய் திரும்புகிறது.

என்றாலும் டக் ஓல்சனை எண்ணிப் பாருங்கள். 2010இல் இங்கே சிகிச்சை பெற்றவர். பத்தாண்டு கழித்து அவர் இரத்தத்தைச் சோதித்தார்கள். மாத்திரை என்றால் உடம்பில் தங்குவது பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாளோதான். அன்று ஏற்றிய செல்களோ பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று வம்சம் பெருக்கி அங்கேயே குடியிருந்தன. புற்றணு ஒன்றுகூடத் தென்படவில்லை.