ஆளில்லாக் குதிரை

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்ச் சிறுமி ஒருத்தி, கோடை விடுமுறையைத் தென்காசியில் தன் ஆச்சியின் இல்லத்தில் கழித்தாள். அவள் எர்ணாகுளம் திரும்பும் நாளில் ஆச்சி தொடர்வண்டி நிலையம் வரை வந்து வழியனுப்பினார். சிறுமியின் எண்ணமெல்லாம் புதிய வகுப்பைப் பற்றியே இருந்தது.

பள்ளி திறந்தபின் ஒருநாள், நூலகத்தில் ஒரு சிற்பத்தின் படத்தைக் கண்டாள். மத்தியப் பிரதேசத்தில் உள்ள சாஞ்சிப் பெருந்தூபியின் கிழக்குத் தோரணவாயிலில் அமைந்த சிற்பம் அது. ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழமையானது. அதில் ஒரு குதிரை நகரைவிட்டுப் புறப்படுகிறது. அதன் முதுகில் எவரும் இல்லை. மேலே குடை மட்டும் பிடிக்கப்பட்டிருக்கிறது.

அவளுக்கு வியப்பாக இருந்தது. சென்னைத் தீவுத்திடலில் 1839இல் நிறுவப்பட்ட ஆளுநர் தாமஸ் மன்றோ சிலையை அவள் கண்டிருக்கிறாள். அங்கே குதிரைமேல் மன்றோ நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். இங்கோ வீரனைக் காணோம்!

படத்தின் கீழிருந்த விளக்கத்தைப் படித்தாள். பௌத்த சமயத்தைத் தோற்றுவித்த புத்தர், சித்தார்த்தராக இருந்தபோது, தம் 29ஆம் வயதில் கந்தகன் என்னும் குதிரையேறி நள்ளிரவில் அரண்மனையைத் துறந்தார். அக்காலச் சிற்பிகள் புத்தரின் உருவத்தைச் செதுக்குவதில்லை. குடையும் திருவடிச் சுவடும் அவரைக் குறித்தன. மணிபல்லவத் தீவில் மணிமேகலை தொழுததும் புத்தரின் பாதபீடிகையைத்தான் என்பது அவள் நினைவுக்கு வந்தது.

ஒலி கேட்டு நகரத்தார் விழிக்காதவாறு இயக்கர்கள் குளம்புகளைத் தாங்குகின்றனர். ஒரே குதிரை பலமுறை செதுக்கப்பட்டுப் பயணம் தொடர்கிறது. வலக்கோடியில் பெரிய பாதச்சுவடுகளின்முன் பணியாளன் சன்னன் மண்டியிட்டு வணங்குகிறான். அதற்குக் கீழே அவனும் குதிரையும் நகர் நோக்கித் திரும்புகின்றனர். இப்போது குதிரைமேல் குடையும் இல்லை.

சிறுமியின் பார்வை அத்திரும்பும் குதிரையிலேயே நிலைத்தது. சென்றவரின் பெருமையைச் சொல்லவந்த சிற்பி, வழியனுப்பிவிட்டு வெறுமையோடு மீண்டவர்களையும் மறக்கவில்லை.

அன்று மாலை அவள் தொலைபேசியில் அழைத்தாள். “ஆச்சி, அன்று என்னை வண்டியேற்றிவிட்டு நீங்கள் எப்படி வீட்டுக்குப் போனீர்கள்?”

சற்றுநேரம் மறுமொழி இல்லை.

“நடந்தே வந்தேன் தாயி. பேருந்தில் ஏறத் தோன்றவில்லை. இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை” என்றார் ஆச்சி.