ஓலையில் ஒரு டாங்கி

மணப்பாட்டுக்கு வெளியூர்க்காரர்கள் வருவது மணல்குன்றின் மேலிருக்கும் திருச்சிலுவைக் கோவிலுக்காக. புனித சவேரியார் தங்கிய குகைக்காக. நான் போனது ஓலைக்காக. திருச்செந்தூருக்குத் தெற்கே, தேரிக்காட்டுப் பனைகள் கடலை எட்டிப் பார்க்கிற ஊர் இது. ஆண்கள் கடலையும் கப்பலையும் நம்பியிருக்க, பெண்கள் தலைமுறைகளாகப் பெட்டி, கூடை, பூந்தட்டு, விசிறி, கிலுகிலுப்பை என்று முடைந்து வருகிறார்கள். இவர்கள் கைவேலை கடல்தாண்டியும் விலைபோயிருக்கிறது.

நான் போன வீட்டில் அன்று பெட்டி வேலை நடக்கவில்லை. அறுபதைத் தாண்டிய அந்த அம்மாவின் முன்னால் பேரன் ஒரு படத்தை வைத்திருந்தான். ‘விஜயந்தா’ டாங்கி. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் வெளிவந்து, 1971 போரிலும் களம் கண்ட வண்டி. ஏறக்குறைய 39 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி. நம் மாநிலத்திலேயே செய்தது என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அது ஓலையில் வேண்டும் என்பது பையனின் பிடிவாதம்.

பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்தி டாங்கி செய்கிற ஆர்வலர்கள் உலகெங்கும் உண்டு. 1958-ல் இன்றைய வடிவக் கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த லெகோ நிறுவனம், நவீனப் போர் வாகனங்களை விளையாட்டுப் பொருளாகச் செய்வதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. அதனால் ஆர்வலர்கள் தாங்களே வடிவமைத்துக்கொள்கிறார்கள். முன்பக்கத்துச் சரிவு, சுழலும் கோபுரம், நீண்ட குழலின் பாரம் மூன்றும்தான் அவர்களை உட்கார வைத்து யோசிக்க வைப்பவை. அவர்களுக்காவது சரிவுக்கென்றே வார்த்த கட்டையும், சுழல்வதற்கென்றே செய்த தட்டும் கடையில் கிடைக்கும். இந்த அம்மாவிடம் இருந்தது குருத்தோலை, ஈர்க்கு, ஒரு கத்தி, ஒரு ஈரத்துணி.

குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை உரித்து, ஒரே அகலத்தில் சன்னமாக வாரியிருந்தார். பாதியைப் பச்சைச் சாயத்தில் கொதிக்கவிட்டு எடுத்திருந்தார். கடற்காற்றில் ஓலை சீக்கிரம் முறுகிவிடும். முறுகிய ஓலை மடிக்கிற இடத்தில் ஒடியும். ஈரத்துணிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக உருவித்தான் பின்னினார்.

உடல் பகுதி அவருக்குப் பெரிய விஷயமில்லை, அது ஒரு நீளப் பெட்டி. முன்பக்கச் சரிவுக்கு வந்ததும் கை நின்றது. பெட்டியின் சுவர் நேராக ஏறும், சரிந்து ஏறாது. பின்னிய வரிசைகளைப் பிரித்தார். மறுபடி ஏறும்போது இருபுறமும் வரிசைக்கு ஓர் இழையை விட்டுவிட்டு, அதன் நுனியைப் பின்னலுக்குள்ளேயே திருப்பிச் செருகினார். இழை குறையக் குறையச் சுவர் உள்ளே சாய்ந்தது. பசை கிடையாது, ஊசி கிடையாது. செருகின நுனி எங்கே போனது என்று நான் விரலால் தடவித் தேடினேன். தெரியவில்லை.

கோபுரத்துக்கு மூடி வேலையின் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். பெட்டியின் மேல் மூடி கச்சிதமாக உட்காரவும் திருகவும் வரும் அல்லவா? அதைப் போலவே உடலின் மேற்பரப்பில் வட்டமாக ஓர் இடம் விட்டு, கோபுரத்துக்கு அடியில் ஒரு கழுத்து முடைந்து அதில் இறக்கினார். ஆணியில்லாமல் சுழன்றது. பையன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் எட்டிப் பார்த்தார்கள்.

ஈர்க்குகளைச் சேர்த்துக்கட்டி ஓலை சுற்றிய குழலைப் பொருத்தியதும் கோபுரம் முன்னால் குப்புற விழுந்தது. உண்மையான டாங்கிகளிலும் இந்தத் தொல்லை உண்டு. குழலின் பாரத்துக்கு ஈடாகக் கோபுரத்தின் பின்பக்கத்தை நீட்டி, அங்கே கனத்தை வைப்பார்கள். அந்த அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் முற்றத்தில் நாலைந்து பொடிக்கற்களைப் பொறுக்கி வந்து, கோபுரத்தின் பின்புறம் ஒரு பை போலப் பின்னி அதற்குள் போட்டு மூடிவிட்டார். கோபுரம் நிமிர்ந்தது. கிலுகிலுப்பைக்குள் கல் போட்டுப் பழகிய கை. டாங்கியும் இப்போது திருப்பும்போதெல்லாம் கலகலக்கிறது.

சக்கரம் மட்டும் பையனின் யோசனை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நுங்குக் கோம்பையில் வண்டி உருட்டி வளர்ந்தவர்கள். கோம்பை இதற்குப் பெரிதாகிவிடும் என்று ஈர்க்கைச் சுருட்டி ஓலை சுற்றிச் சின்னச் சின்ன வட்டங்கள் செய்து கொடுத்தார். அவற்றைச் சுற்றிப் போன பட்டை, கறுப்புச் சாயம் ஏறிய சாரோலை.

“இதுக்கு என்ன விலை சொல்லுவீங்கம்மா?” என்று கேட்டேன்.

“ஓலைக்கும் சாயத்துக்கும் கணக்குச் சொல்லிருவேன் தம்பி. பின்னுனதுக்குக் கூட சொல்லிரலாம். பிரிச்சுப் பிரிச்சு யோசிச்சதை எந்தக் கணக்குல எழுத?”

எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான். இங்கே கூலி எண்ணிக்கைக்கு. இத்தனை பெட்டிக்கு இவ்வளவு. புது மாதிரி கேட்கிற வியாபாரி முதல் பொருளையும் ஐம்பதாவது பொருளையும் ஒரே விலையில்தான் எடுக்கிறார். முதல் பொருளுக்குள் வடிவமைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. நகரத்தில் அந்த வேலைக்குத் தனிப் படிப்பும் தனிச் சம்பளமும் இருக்க, இங்கே அது வீட்டு வேலைகளுக்கு நடுவே சும்மா நடக்கிறது. ஓலை வேலைக்கு இளம்பெண்கள் வருவதில்லை என்று அங்கலாய்க்கிறவர்கள் மாதிரிக்கென்று தனிக் கூலி போட்டு ஆர்டர் எழுதிப் பார்க்கட்டும். கூட்டுறவு அமைப்புகள் இதை முதலில் தொடங்கலாம். பெரிய செலவு பிடிக்காது.

எட்டிப் பார்த்த பெண்களில் இளையவர் அந்தக் கழுத்து வேலையை அங்கேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டிருந்தார். செப்டம்பர் 14-ல் திருச்சிலுவை மகிமைப் பெருவிழா. கூட்டம் நிறைய வரும், கடை போட்டால் விற்கும் என்றார். பையனுக்கு அதில் அக்கறையில்லை. அடுத்து ‘அர்ஜுன்’ வேண்டுமாம். அதன் பீரங்கி 120 மில்லிமீட்டர் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

“அப்போ இன்னும் நாலு கல்லு பொறுக்கிட்டு வா” என்றார் பாட்டி.