எங்கட ஊரில பார்க்க என்ன சேர் இருக்கு?

 

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், ஜப்பானிலிருந்து ஒரு குரல் பதிவு. என்னிடம் படித்த பையன். நாகனோ பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான். கூடவே பத்துப் பதினைந்து படங்கள். அருவி, சிவந்த இலைக் காடு, பனி மூடிய மலை, ஆவி பறக்கும் வெந்நீர்ச் சுனை. அந்தச் சின்ன ஊரில் எந்த அருவிக்கு எந்த மாதம் போகலாம், எங்கே பஸ் நிற்கும் என்றெல்லாம் வரைபடம் அடித்து இலவசமாகக் கொடுக்கிறார்களாம்.

குரல் பதிவின் கடைசியில் இப்படிச் சொன்னான்: “சேர், நான் பாக்கிற ஒரு அம்மம்மாவுக்கு எண்பத்தெட்டு வயசு. உங்கட ஊரில பார்க்க என்ன இருக்கு எண்டு கேட்டவ. எனக்குச் சொல்லத் தெரியேல்ல சேர். சண்டை நடந்த இடம் எண்டு மட்டும்தான் சொன்னனான்.”

அந்தக் கடைசி வசனம் இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. பிழை அவனில் இல்லை. ஒவ்வொரு வருடமும் சுற்றுலா என்றால் கண்டி, நுவரெலியா, பேராதனைப் பூந்தோட்டம் என்று பஸ் பிடித்துக் கொண்டுபோன ஆசிரியர்களில் நானும் ஒருவன். இரணைமடு வான் பாய்வதை ஒரு வகுப்புக்காவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேனா? இல்லை. அதனால் இந்தப் பதிவை அவனுக்கான பதிலாக எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். வன்னியை நான் கண்ணால் பார்க்க முதல் காதால்தான் பார்த்தேன். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. 75,000 பேர் அளவில் வெளிக்கிட்டோம். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் மழை ஒழுகும் இரவுகளில் வாப்பா ஊரைச் சொல்லுவார். தண்ணீரூற்று ஊற்றில் தண்ணீர் எப்படிக் கிளம்பும், வற்றாப்பளைப் பொங்கலுக்கு அவர் கச்சான் கடை போட்டபோது நந்திக்கடல் பக்கமிருந்து காற்று எப்படி வரும், முத்தையன்கட்டில் விரால் எந்த நேரம் கடிக்கும். வரைபடம் இல்லாத ஊருக்கு வாப்பாதான் வரைபடம். 2010க்குப் பிறகு திரும்பி வந்து, அவர் சொன்ன இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன்.

இனி இடங்களுக்கு வருவோம்.

இரணைமடு. கார்த்திகை, மார்கழியில் போங்கள். குளம் நிரம்பி வான் கதவுகள் திறக்கிற அன்று அரை கிளிநொச்சியே அங்கேதான் நிற்கும். குளக்கட்டில் நின்றால் ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், மறுபக்கம் கண்ணுக்கெட்டும் தூரம் வயல். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் இது. பிள்ளைகளுக்கு ஒரு விடயம் சொல்லிக் கொடுங்கள்: வான் பாய்ந்து போகும் தண்ணீர் எங்கே போகிறது? அதே ஆறு வடக்கே ஓடிச் சுண்டிக்குளம் களப்பில் விழுகிறது. குளம், வயல், ஆறு, களப்பு, கடல் எல்லாம் ஒரே கயிற்றில் கோத்தவை. ஆனால் 2018 மார்கழி வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். வான் பாயும்போது ஓரத்துக்கு இறங்கி செல்பி எடுக்கிற வேலை வேண்டாம்.

சுண்டிக்குளம். பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து வடக்கே இறங்க வேண்டும். மணல் பாதை, மாரியில் மோட்டார் சைக்கிளுக்குக்கூடக் கஷ்டம். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் தேசிய பூங்காவானது. மாரி தொடங்கினால் தூர தேசத்துப் பறவைகள் வந்துவிடும். ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைக் கூட்டம் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ரோஸ் நிறச் சேலை காயப்போட்ட மாதிரி இருக்கும். கிட்டப் போகாதீர்கள். சத்தம் கேட்டால் எழும்பிப் போய்விடும். பைனாகுலர் இருந்தால் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பொறுமையைக் கொண்டு போங்கள்.

முத்தையன்கட்டு. ஒட்டுசுட்டானிலிருந்து கிட்ட. பேராற்றுத் தண்ணீர். பின்னேரம் நாலரைக்குக் கட்டில் ஏறி உட்காருங்கள். காட்டு விளிம்பில் குரங்குகளின் சண்டையைத் தவிர வேறு சத்தம் இராது. பிடித்த கையோடு யப்பான் மீன் வாங்கலாம். (அந்த அம்மம்மாவுக்குச் சொல்லு தம்பி, நாங்கள் யப்பான் மீன் என்று சொல்லும் திலாப்பியா உண்மையில் ஆபிரிக்காவிலிருந்து வந்த மீன். பெயருக்கு மட்டும்தான் யப்பான்!) வரும் வழியில் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்ட இடம் என்று 1803ஆம் ஆண்டைக் குறிக்கும் நடுகல் நினைவு இருக்கிறது. பார்த்துவிட்டு வாருங்கள். மாங்குளம் வீதியில் இருட்டு முதல் வெளிக்கிடுங்கள், யானை நடமாட்டம் உண்டு.

நாயாறு, கொக்கிளாய். முல்லைத்தீவிலிருந்து தெற்கே கடலை ஒட்டிப் போகும் வீதி. நாயாற்றுப் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் மீன் வாடிகள். இன்னும் கீழே போனால் கொக்கிளாய். அந்தக் களப்பு 1951இலேயே சரணாலயமானது. கூழைக்கடாக்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக மிதக்கும். மறுகரை புல்மோட்டை. அங்கே கரையில் கறுப்பு மண்ணை அள்ளிப் பாருங்கள், கை பாரமாக இருக்கும். இல்மனைற். விஞ்ஞானப் பாடம் படிப்பிக்க அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. காந்தம் ஒன்று கொண்டு போங்கள்.

பாலைக் காடு. இது ஒரு இடமில்லை, ஒரு பருவம். சோளகம் அடிக்கும் காலத்தில் பாலைப்பழம் பழுக்கும். சாப்பிட்டால் உதடு ஒட்டும், ஆனாலும் கை நிற்காது. கரடிக்கும் அந்தப் பழத்தில் எங்களைவிட ஆசை. ஆகவே ஊர் ஆட்களோடு போங்கள். சிவப்புப் பலகை போட்ட இடத்துக்குள் எந்தப் பழத்துக்காகவும் கால் வைக்காதீர்கள்.

இன்னும் வவுனிக்குளம் இருக்கிறது, பாலி ஆற்றுத் தண்ணீர். சங்குப்பிட்டிப் பாலத்தில் பொழுது படும் நேரம் இருக்கிறது. முல்லைத்தீவுக் கடற்கரையில் சுபஹ் தொழுதுவிட்டு நின்றால் சூரியன் தண்ணீரிலிருந்து நேராக எழும்பும். அதே கடல்தான் 2004இல் அந்த ஊரை வழித்துக்கொண்டு போனது.

கடைசியாக நந்திக்கடல்.

இதைப் பற்றி எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் பதிவு பொய்யாகிவிடும்.

சில வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பறவை பார்க்கவென்று நந்திக்கடல் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 2017இல் அது இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டதைப் பாடத்தில் சொல்லியிருந்தேன். நல்ல பின்னேரம். தண்ணீர் செம்பு நிறம். வீச்சு வலைக்காரர் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் சிரித்துத் துள்ளினார்கள். படம் எடுத்து இதே முகநூலில் போட்டேன். “எங்கள் ஊரின் அழகைப் பாருங்கள்” என்று எழுதினேன். நிறைய லைக் வந்தது.

அடுத்த நாள் காலை ஒரு பிள்ளையின் தாய் பாடசாலைக்கு வந்தார். கோபமாக வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: “சேர், உங்களில பிழை சொல்ல வரேல்ல. அந்தத் தண்ணிக்குள்ளால வரேக்க என்ர மூத்தவனை விட்டிட்டு வந்தனான். ராத்திரி அந்தப் படத்தில சின்னவள் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள். எனக்கு நித்திரை வரேல்ல.”

நான் அதே நிமிடம் படத்தை அழிக்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார்.

“பிள்ளையள் சிரிக்கட்டும் சேர். சிரிக்கத்தானே பெத்தனாங்கள். ஆனா அது என்ன இடம் எண்டு சொல்லிப்போட்டு விளையாட விடுங்கோ.”

எனக்குப் பதில் வரவில்லை. அன்று முழுக்க வாப்பாவின் வளவுதான் ஞாபகத்தில் நின்றது. நாங்கள் திரும்பி வந்தபோது வீடு இல்லை, அத்திவாரம் மட்டும். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு மரம் எழும்பி நின்றது. எங்கள் மாமரத்தில் காய் இருந்தது. அந்த இருபது வருடத்தில் யாராவது அந்த மரத்தடியில் இருந்து மாங்காய் தின்று, “நல்ல நிழல்” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. இங்கே ஒரு குடும்பம் இருந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்பதுதான் என் கவலை. அந்தத் தாயின் இழப்பையும் என்னுடையதையும் ஒரே தராசில் வைக்க நான் இதைச் சொல்லவில்லை, அல்லாஹ் பாதுகாக்க வேண்டும். எனக்கு வளவு திரும்பக் கிடைத்தது. அவருக்கு மகன் கிடைக்கவில்லை. ஆனால் “சொல்லிப்போட்டு” என்ற அந்த ஒரு சொல் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவானது.

அதற்குப் பிறகும் பிள்ளைகளை நந்திக்கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். போனதும் முதல் பத்து நிமிடம் யாரும் போனை எடுப்பதில்லை. 2009 மே மாதம் இங்கே என்ன நடந்தது என்று அவர்கள் வயதுக்கு ஏற்ற மாதிரிச் சொல்கிறேன். வீட்டில் யாரையாவது இழந்த பிள்ளை இருந்தால், விரும்பினால் பெயரைச் சொல்லலாம். அவரவர் முறைப்படி ஒரு பிரார்த்தனை. பிறகு பறவை, இறால், சிரிப்பு எல்லாம். ஒரு தடவை கூட அந்தப் பத்து நிமிடம் பிள்ளைகளின் சந்தோசத்தைக் கெடுக்கவில்லை. திரும்பும்போது பொலித்தீன் பொறுக்கச் சொல்லவும் தேவையில்லை, அவர்களாகவே பொறுக்குகிறார்கள்.

இதைத்தான் தம்பிக்குப் பதிலாக அனுப்பினேன். ஹிரோஷிமாவையும் ஞாபகப்படுத்தினேன். ஒவ்வொரு ஆகஸ்ட் 6ஆம் திகதியும் அந்த ஊர் ஆற்றில் விளக்கு மிதக்க விடுகிறார்கள். மற்ற நாட்களில் அதே ஆற்றங்கரையில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். அந்த அம்மம்மாவுக்கு இது விளங்கும். “சண்டை நடந்த இடம்” என்று சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மற்றப் பாதியையும் சொல்லு என்றேன்.

நேற்று இரவு பதில் வந்தது. சுண்டிக்குளத்துப் பூநாரைப் படத்தை அந்த அம்மம்மாவுக்குக் காட்டினானாம். கனநேரம் பார்த்துவிட்டு, எந்த மாதம் வர வேண்டும் என்று கேட்டாராம்.

கார்த்திகைக்குப் பிறகு என்று சொல்லச் சொன்னேன்.

நான் விட்ட இடங்கள் நிறைய இருக்கும். உங்கள் ஊர்க் குளம், அருவி, ஆலமரம், எதுவானாலும் கீழே எழுதுங்கள். போகும் வழி, போக நல்ல மாதம், அங்கே என்ன நடந்தது, மூன்றையும் எழுதுங்கள். விடுமுறைக்குள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கொண்டே ஒரு வரைபடம் கீறுவிக்க எண்ணியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

வாப்பாவுக்காக ஒரு துஆ செய்யுங்கள். அந்தத் தாயின் மகனையும் உங்கள் பிரார்த்தனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.