108 மாதமும் ஒரு ஹாஃப் கட்டும்

உலு திராமில் இருக்கும் மாமாவின் வர்க்‌ஷாப்பில், தினசரிக் காலண்டரில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கம் எனக்கு ஒரு கணக்குக் கிடைத்தது. மாமா எண்ணெய்க் கையால் எழுதியது. ஹாஃப் கட் எஞ்சின், கிளட்ச், பெட்ரோல் பம்ப், இன்டர்கூலர், பைப், டியூனிங், கூலி. கீழே கோடு போட்டு 15,000 வெள்ளி. அதற்கும் கீழே, கணக்கில் சேர்க்காமல் ஒரே ஒரு சொல்: பிரேக்.

"இது இல்லாம மத்தது எதுவும் செய்ய மாட்டேன். முதல்ல பிரேக்கு. அப்புறம்தான் எஞ்சின்" என்றார் மாமா.

காடி அப்பாவுடையது. 2007இல் வாங்கிய மைவி, 1.3, மேனுவல். அப்பா லாயாங்-லாயாங் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். தோட்டத்தை விட்டுக் கூலாய்க்கு வந்து, தாமானில் வீடு எடுத்து, வாழ்க்கையில் முதன்முதலாகப் புதுசாக வாங்கிய வண்டி அது. அதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் இன்னொருத்தர் ஓட்டி முடித்தவை. சீட்டின் பிளாஸ்டிக் உறையை ஒரு வருஷம் அவர் கழற்றவே இல்லை. வெயிலில் தொடை ஒட்டிக்கொள்ளும். 2019இல் அப்பா போனபிறகு வண்டி என் பேருக்கு வந்தது.

நான் வேலை செய்வது சிங்கப்பூரில், துவாஸ் பக்கம். காலையில் நாலு மணிக்கு எழுந்து, இரண்டாவது பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போய், இரவு எட்டுக்கு வீடு. மைவி வீட்டோடு இருக்கும். செவ்வாய், வியாழன் தங்கை அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவாள். சனிக்கிழமை நான். இரண்டு வருஷத்தில் 18,000 வெள்ளி சேர்த்திருந்தேன். அதை என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், முதலில் ஞாபகம் வந்தது டர்போ.

இங்கே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: மைவியில் இருக்கும் கே3-விஇ எஞ்சின் டைஹாட்சுவினுடையது. 87 குதிரைத்திறன். அதே குடும்பத்தில் கே3-விஇடி என்று ஓர் அண்ணன் உண்டு. டர்போ வைத்தது, ஜப்பானில் ஒய்ஆர்வி என்ற காடியில் வந்தது, 140 குதிரைத்திறன். மைவியின் ஜப்பானியச் சகோதரியான பூன் காடிக்கே 2006இல் 936 சிசி டர்போ எஞ்சின் வைத்து, ராலிப் பந்தயத்துக்காக எக்ஸ்4 என்று விற்றார்கள். எங்களுக்கு அது வரவில்லை. வராததை நாங்களே செய்துகொள்வோம். ஜப்பானில் ஓடி ஓய்ந்த காடிகளைக் குறுக்கே அறுத்து, முன்பாதியைக் கண்டெய்னரில் ஏற்றி அனுப்புவார்கள். அதுதான் ஹாஃப் கட். எஞ்சின், கியர்பாக்ஸ், வயர், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே துண்டில் கிடைக்கும்.

மாமா இந்தத் தொழிலுக்கு வந்தது கஞ்சில் காலத்தில். 1994இல் 660 சிசியோடு வந்த அந்தக் குட்டிக் காடியில் மீராவின் டர்போ எஞ்சினை இறக்கிவைத்து, பெரிய காடிக்காரர்களைப் பயமுறுத்திய தலைமுறை அவருடையது. பாசிர் கூடாங்கில் 1986இலேயே ரேஸ் சர்க்யூட் இருந்தது. 1998இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ அங்கேதான் நடந்தது. மாமா போய்ப் பார்த்திருக்கிறார். அடுத்த வருஷம் செப்பாங் வந்ததும் பெரிய பந்தயங்கள் அங்கே போய்விட்டன. பாசிர் கூடாங் சர்க்யூட் இப்போது இல்லை. "ஓட்டுறதுக்கு இடம் இல்லாம போச்சு, ஓட்டுற ஆசை மட்டும் இங்கயே தங்கிடுச்சு" என்பார்.

ஆசை ரோட்டுக்கு வந்தால் என்னவாகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். கறுப்புக் கண்ணாடி, சத்தமாய் ஒரு எக்ஸாஸ்ட், உள்ளே ஓர் இந்தியப் பையன். ரோட் பிளாக்கில் டார்ச் லைட் முதலில் யார் மீது விழும் என்று என் நண்பர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு முன் ஒரு கணம் பேசாமல் இருப்பார்கள்.

ஆனாலும் மாற்றிக் கட்டுவதை வெறும் பகட்டு என்று என்னால் தள்ள முடிவதில்லை. தோட்டத்தில் பால் தோம்பு ஏற்ற சைக்கிளின் கேரியருக்கு இரும்புக் கம்பி வைத்துக் கட்டினார்கள். ஹோண்டா சி70இன் பின்னால் பலகை அடித்து ஒரு குடும்பத்துக்கு வேண்டிய சாமானெல்லாம் கொண்டு வந்தார்கள். தேவைப்பட்டது ஒன்று, வாங்க முடிந்தது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் கையால் நிரப்பினார்கள். மாமா செய்வதும் அதேதான் என்று எனக்குத் தோன்றும்.

தங்கைதான் எதிர்ப்பைத் தொடங்கினாள். அவள் சொன்னதில் தத்துவம் எதுவும் இல்லை.

"டர்போவுக்குப் போடுற கிளட்ச் கனமா இருக்குமாமே? ஜாம்ல நான் எப்படி மிதிக்கிறது? அப்புறம் உன் வண்டி எத்தனை நாள் ஜேக்கு மேல நிக்கும்? அம்மாவை கிரேப்புலயா கூட்டிட்டுப் போவேன்?"

மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. மாமா குறைந்தது மூன்று வாரம் என்றிருந்தார். மூன்று வாரம் என்றால் ஒன்பது டயாலிசிஸ்.

அவள்தான் அத்திவாவைக் காட்டினாள். பெரோடுவா 2021 மார்ச்சில் விட்டது. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ கம்பெனியிலிருந்தே வருகிறது. "உனக்கு டர்போதானே வேணும்? இதுலயும் இருக்கு" என்றாள். நான் அலட்சியமாய்த்தான் தாளைப் பார்த்தேன். 98 குதிரைத்திறன். மாமாவின் காலண்டர் தாளில் 140.

பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. இரண்டிலும் இருக்கும் 'டர்போ' ஒரே சொல்தான், ஆசைகள் வேறு. டர்போ என்பது வீணாய் வெளியே போகும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது. கூடுதல் காற்று இருந்தால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். மாமா அதை வைத்து இருக்கும் எஞ்சினைப் பெரிதாக்குகிறார். கம்பெனி அதை வைத்து எஞ்சினைச் சிறிதாக்குகிறது. ஆயிரம் சிசிக்கும் குறைவான எஞ்சின் 140 நியூட்டன் மீட்டர் இழுக்கிறது. 1.5 மைவி இழுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதுவும் 2,400 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. சிசி குறைவதால் ரோட் டேக்ஸ் வருஷத்துக்கு 20 வெள்ளி. என் பழைய மைவிக்கு 70. புரோட்டோன் 2011 கடைசியில் எக்சோரா போல்டிலும், 2012இல் ப்ரெவேயிலும் டர்போ வைத்தபோது நாங்கள் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பத்து வருஷத்தில் அந்தச் சொல் சந்தைக்குப் போகும் குடும்பக் காடியின் சொல்லாகிவிட்டது.

இன்னொன்றும் புரிந்தது. கம்பெனி டர்போவில் பிஸ்டன், கூலிங், கியர், பிரேக் எல்லாம் ஒன்றை ஒன்று தெரிந்தே செய்யப்பட்டவை. நாம் மாற்றும்போது 87க்காகச் செய்த உடம்பில் 140ஐ வைக்கிறோம். ஒன்றைப் பலப்படுத்தினால் அடுத்தது பலவீனமாகிறது. எஞ்சின் மாற்றினால் புஸ்பாகோமில் காட்டி ஜேபிஜேயில் பதிய வேண்டும். இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் பணம் வராமல் போகலாம். பல பேர் இதில் எதையும் செய்வதில்லை. நானும் செய்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கத்துக் கணக்கும் லேசானதில்லை. சேல்ஸ்மேன் கால்குலேட்டரைத் தட்டினார். 62,000 வெள்ளி காடிக்கு 6,200 முன்பணம், மூன்று சதவீத வட்டி, ஒன்பது வருஷம். மாதம் 656 வெள்ளி. மொத்தம் 108 மாதம். வட்டி மட்டும் 15,000 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல்.

அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. வங்கிக்குக் கொடுக்கும் வட்டியும் மாமாவின் காலண்டர் தாளும் ஒரே தொகை. ஒன்றில் 140 குதிரை கிடைக்கும். இன்னொன்றில் எதுவும் கிடைக்காது. அப்படித்தான் நினைத்தேன்.

முடிவெடுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் அம்மாவோடு நேராக மாமாவிடம் போனேன். நாலு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு வந்தால் அம்மாவுக்குக் கால் நிற்காது. மைவி தாழ்வான காடி. அம்மா கதவுச் சட்டத்தைப் பிடித்து, ஒரு முறை எழப் பார்த்து, முடியாமல் திரும்ப உட்கார்ந்து, இரண்டாவது முறை எழுந்தார். எனக்கு இது பழகிப்போயிருந்தது. மாமா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தே ஓ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் புதுக் காடி உசரமா?"

"மைவிய விட உசரம்தான் மாமா."

"அப்ப சும்மா உக்காந்து நகர்ந்தா இறங்கிடலாம்."

நான் பேசவில்லை.

"பதினஞ்சாயிரத்தை எனக்குக் குடுத்தா நான் வாங்கிக்குவேன்டா. எனக்கும் வாடகை இருக்கு. ஆனா அக்கா எழுந்திரிக்கிறதுக்கு எந்த ஹாஃப் கட்டுலயும் சாமான் கிடையாது."

அத்திவா போன ஆண்டு வந்தது. ஷோரூமில் இருந்து வீட்டுக்கு ஓட்டியபோது எனக்குப் பெரிய சந்தோஷம் இல்லை. கியர் மாற்றும் கைக்கு வேலை இல்லை. டர்போ சத்தம் போடவில்லை. அம்மா மட்டும் கதவைத் திறந்து, இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து, காலைத் தரையில் வைத்து, ஒரே முறையில் நின்றார். "இது நல்லாருக்கே" என்றார். 108 மாதம் என்று வங்கி துல்லியமாகச் சொல்லிவிட்டது. அம்மாவுக்கு அப்படி யாரும் எண்ணிச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மைவியை மாமா வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். "என் கையில இருந்தா அறுத்துருவேன். உங்கப்பா வண்டி, வேற யாருக்காவது குடு" என்றார். மாசாயிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும், ஃபேக்டரி யூனிஃபார்மோடு. சுற்றிப் பார்த்தான். பானட்டைத் திறக்கச் சொன்னான். எஞ்சினை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணே, இதுல கே3 டர்போ உக்காருமா?"

உட்காரும் என்றேன். மாமாவின் வர்க்‌ஷாப் இருக்கும் இடத்தையும் சொன்னேன். பேசிய விலையில் 300 வெள்ளி குறைத்துக்கொண்டு, "இதை பிரேக்குக்கு வச்சுக்க. முதல்ல பிரேக்கு" என்றேன். சரிண்ணே, சரிண்ணே என்று தலையாட்டினான்.

மாமாவிடம் அவன் இன்னும் போகவில்லையாம். அந்த 300 வெள்ளியை எதற்குச் செலவழித்தான் என்று எனக்குத் தெரியாது. இரவில் தாமான் முனையில் ஏதாவது மைவி சத்தமாய்த் திரும்பினால், நம்பர் பிளேட்டை ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.