அடைக்கு உட்காராத கோழிகள்

எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு நான் கணக்கு எழுத ஆரம்பித்தது 2020 மார்ச்சில். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, மூவாரில் நான் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் தளவாடத் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? எழுத வேறொன்றும் இல்லாததால் அம்மாவின் கோழிகளைப் பிடித்துக்கொண்டேன்.

புக்கிட் பாசிர் பக்கம் அம்மாவின் வீடு. பின்புறம் இரண்டு ரம்புத்தான் மரம், ஒரு முருங்கை, வேலிக்கு அப்பால் செம்பனை. அந்த இடத்தில் 18 கோழிகள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. கறுப்பு, செம்பட்டை, புள்ளி, இறகு சுருண்டு மழையில் நனைந்தது போலவே எப்போதும் திரிகிற ஒன்று. அம்மா தோட்டத்து லயத்தைக் காலி செய்து வந்தபோது பிரம்புக் கூடையில் கொண்டுவந்த இரண்டு பெட்டைகளின் வம்சம்தான் பாதி. பக்கத்து வீட்டு பக்சிக்கின் சியாம் சேவல் வேலி தாண்டி வந்து போனதன் அடையாளம் சிலவற்றின் நீண்ட காலில் தெரியும். மீதி, முட்டைப் பண்ணையில் வயதாகிவிட்டது என்று கழித்துவிடும் கோழிகள். 'ஆயாம் பென்சென்' என்று சந்தையில் மலிவாகக் கிடைக்கும். பென்சன் வாங்கிய பிறகும் உழைக்கிற ஜீவன்கள். அதில் ஐந்து எங்களிடம் இருந்தன.

கேபிள் டை வாங்கிவந்து ஒவ்வொன்றின் காலிலும் ஒரு நிறத்தில் வளையம் போட்டேன். எந்தக் கூடையிலிருந்து எந்த வளையம் கொக்கரித்துக்கொண்டு இறங்குகிறது என்று காலை முழுக்கப் பார்த்து எக்செலில் ஏற்றினேன். மூன்றே மாதத்தில் படம் தெளிவாகிவிட்டது. சிவப்பு வளையம் போட்ட பென்சன் கோழி வாரத்துக்கு ஐந்து முட்டை. அம்மாவின் செல்லமான மொட்டைக்கழுத்தியோ 12 முட்டை போட்டுவிட்டு அடைக்கு உட்காரும். 21 நாள் அடை, பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஒன்றரை மாதம் திரிதல். அதுவரை ஒரு முட்டை கிடையாது. என் கணக்கில் அது நட்டத்தில் ஓடும் கிளை அலுவலகம்.

நல்ல முட்டைக் கோழிகளை மட்டும் வைத்து வம்சத்தைப் பெருக்குவது என்று முடிவு செய்தேன். படித்தும் பார்த்தேன். கூட்டத்தில் பாதி ரத்தம் சேவலுடையது. ஆனால் சேவல் முட்டை போடாது. அதனால் அதன் அம்மாவையும் அக்கா தங்கைகளையும் பார்த்துத்தான் சேவலைப் பொறுக்க வேண்டும். நான் சிவப்பு வளையத்தின் மகனை வைத்துக்கொண்டேன். பழைய சேவல் 2020 தீபாவளிக் கறிக்குப் போனது. அம்மா அன்று கறியைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சேவலை மாற்றிய மறுநாளே விழும் முட்டை புதுச் சேவலின் பிள்ளை ஆகாது. பெட்டை தன் உடம்புக்குள் பழைய சேவலின் விந்தைச் சேமித்து வைத்திருக்கும். இரண்டு, மூன்று வாரம் வரைக்கும் அதன் குஞ்சுகளே பொரியலாம். நான் மூன்று வாரம் முழுதாகக் காத்திருந்து அதன் பிறகுதான் முட்டைகளைச் சேர்த்தேன். தாயோடு மகன் சேர்ந்துவிடாமல் சிவப்பு வளையத்தைத் தனிக்கூட்டில் அடைத்தேன். மற்ற நான்கு பென்சன் கோழிகளும் புதுச் சேவலும்தான் ஜோடி. அவை போட்ட முட்டைகளை அம்மாவின் பழைய கோழிகளுக்கு அடியில் வைத்துப் பொரிக்க விட்டேன். குஞ்சுகள் தலையெடுத்ததும், முட்டைக் கணக்கில் கடைசியாக நின்ற அந்தப் பழைய கோழிகளை ஒவ்வொன்றாக விற்றேன். மொட்டைக்கழுத்தியை மட்டும் அம்மா விடவில்லை. "அத வித்தா என்னையும் கூட்டிட்டுப் போய் விடு" என்றார். விட்டுவிட்டேன்.

2022இல் நான் எழுதிய கணக்கைப் பார்த்தால் எந்த முதலாளிக்கும் சந்தோஷமாக இருக்கும். ஜூன் முதல் தேதி அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. வருஷக் கடைசியில் கடைகளில் முட்டைக்குத் தட்டுப்பாடு. நாங்களோ அக்கம்பக்கத்துக்கு முட்டை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் ஒரு கோழியும் அடைக்கு உட்காரவில்லை. இரண்டு உட்கார்ந்தன, மூன்றாம் நாள் எழுந்து போய்விட்டன. மொட்டைக்கழுத்திக்கும் வயதாகிவிட்டது. கூடையில் முட்டை குவியக் குவிய, அடுத்த தலைமுறைக்கு வழியில்லாமல் இருந்தது. பரவாயில்லை, காலத்துக்கு ஏற்ற மாதிரி இருப்போம் என்று 48 முட்டை கொள்ளும் இன்குபேட்டர் ஒன்று வாங்கினேன். 19ஆம் நாள் ஜோகூர் பாருவில் ஒரு கல்யாணம். இரவு தங்கி மறுநாள் மாலை திரும்பினோம். மின்னலில் மெயின் சுவிட்ச் விழுந்து கிடந்தது.

இரண்டு நாள் காத்திருந்து பார்த்துவிட்டு ஒரு முட்டையை உடைத்தேன். இறகு, நகம், மூக்கு நுனியில் ஓட்டைக் கொத்தும் அந்தச் சின்ன வெள்ளைப் பல் எல்லாம் இருந்தன. அடுத்த முட்டையை உடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா முருங்கை மரத்தடியில் குழி தோண்டி அத்தனையையும் போட்டு மூடினார். கையைக் கழுவிக்கொண்டு வந்தவர் என்னைத் திட்டவில்லை.

"நீ முட்டைய எண்ணுன சரி. உக்காந்தத எண்ணுனியா?"

பண்ணை முட்டைக் கோழியை உருவாக்கியவர்களும் இதையேதான் செய்தார்கள், தெரிந்தே செய்தார்கள். அடையில் இருக்கும் கோழி முட்டை போடாது. அதனால் அடைக்கு உட்காரும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்தார்கள். அவர்களிடம் பெரிய இன்குபேட்டரும், மின்சாரம் போனால் ஓட ஜெனரேட்டரும் இருக்கின்றன. என்னிடம் இருந்தது அம்மாவின் கோழிகள். அவற்றைத்தான் விற்றுவிட்டேன்.

ஆறுதலாக இருந்தது டார்வின் எழுதிய ஒரு விஷயம். வளர்ப்பு விலங்குகள், தாவரங்கள் பற்றி 1868இல் வெளிவந்த அவருடைய நூலில், அடைக்கே உட்காராத இரண்டு வெவ்வேறு இனங்களைக் கலந்தால் பிறக்கும் கோழிகள் நன்றாக அடைகாப்பதுண்டு என்று குறிப்பிடுகிறார். அந்தக் குணம் அழிந்துபோவதில்லை, எங்கோ ஒளிந்திருக்கிறது. ஆனால் என் கூட்டத்தில் முக்கால் பங்கு ஒரே பண்ணை ரத்தம். ஒளிந்திருப்பது வெளியே வர வேறு ரத்தம் வேண்டும்.

2023இல் பக்சிக்கிடம் போய் ஒரு சேவலை இரவல் கேட்டேன். அழகான சேவலைக் காட்டினார். இது வேண்டாம், எந்தச் சேவலின் அம்மா நன்றாக அடைகாத்தது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, ஒரு கண் மங்கிய, பார்க்கச் சகிக்காத ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். அதையும் மொட்டைக்கழுத்தியையும் ஒன்றாக விட்டு, மறுபடி மூன்று வாரம். அது ஒன்பது முட்டை போட்டது. அம்மா பஞ்சாரத்துக்கு அடியில் வைக்கோல் பரப்பி அடை வைத்தார். ஐந்து பொரிந்தன. ஒன்றை உடும்பு கொண்டுபோனது. மீதி நான்கில் இரண்டுக்குக் கழுத்து மொட்டை.

மொட்டைக் கழுத்துக் கணக்கு எளிது. அது ஒரே ஒரு மரபணுவின் வேலை. அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், கழுத்து மொட்டையாகிவிடும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்திருந்தால் கழுத்தின் முன்புறம் டை கட்டியது போல ஒரு கொத்து இறகு நிற்கும். எங்கள் மொட்டைக்கழுத்திக்கு அந்த டை உண்டு. அதனால் குஞ்சுகளில் பாதிக்குத்தான் அது போகும் என்று எதிர்பார்க்கலாம், அப்படியே போனது. நம் ஊர் வெயிலுக்கு அது நல்லதும்கூட. இறகு குறைந்தால் உடம்புச் சூடு எளிதாக வெளியேறும். ஆனால் அடைகாக்கும் குணம் அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. பல மரபணுக்கள் சேர்ந்து செய்வது. பெட்டை வளர்ந்து, முட்டை போட்டு, அதன் மேல் உட்காரும்வரை யாராலும் சொல்ல முடியாது.

அம்மா சொல்வதை எல்லாம் நான் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "நாங்க எதையும் பொறுக்கல, அதுபாட்டுக்கு வளந்துச்சு" என்பார். பொறுக்கியது வெள்ளைக்கழிச்சல் நோய். தோட்டத்தில் அது வந்தால் ஒரே வாரத்தில் லயம் முழுக்கக் கூடு காலியாகும் என்று அவரேதான் சொல்லியிருக்கிறார். மிஞ்சியதுதான் வம்சம். கம்பத்துக் கோழிகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுக்கும்படி, வெயில் தாங்கும் தடுப்பு மருந்தை 1980களில் இங்கே, நம் விவசாயப் பல்கலைக்கழகத்தில்தான் ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு குஞ்சையும் பிடித்து ஊசி போட யாரால் முடியும் என்பதை யோசித்தவர்கள். எங்கள் கோழிகளுக்கு நான் தவறாமல் மருந்து கொடுக்கிறேன். அம்மா மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுக்கிறார். இரண்டும் நடக்கிறது.

முட்டையையும் நான் விட்டுவிடவில்லை. மொட்டைக்கழுத்தியின் மகனைப் பென்சன் வம்சத்துப் பெட்டைகளோடு விட்டிருக்கிறேன். பிறந்தவற்றில் சில வாரத்துக்கு மூன்று, நான்கு முட்டை போடுகின்றன. வருஷத்துக்கு ஒரு முறை அடைக்கும் உட்காருகின்றன. சில இரண்டுமே செய்வதில்லை, அவை கறிக்கு. எக்செலில் இப்போது மூன்று கட்டம் கூடியிருக்கிறது. உட்கார்ந்த தேதி, எழுந்த தேதி, இரண்டு மாதம் பிழைத்த குஞ்சு. அந்த மூன்றாவது கட்டத்தை நிரப்பும்போதுதான் எது நல்ல தாய் என்று தெரிகிறது. 11 பொரித்து இரண்டை மட்டும் காப்பாற்றுகிறவையும் உண்டு.

மொட்டைக்கழுத்தி போன வருஷம் ரம்புத்தான் மரத்தடியில் தானாகவே அடங்கிப்போனது. அதன் பேத்தி இப்போது பஞ்சாரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நேற்றுக் காலை அம்மா கைப்பேசி டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு கூமுட்டையை எடுத்துத் தனியே வைத்தார். பிறகு, என் நோட்டுப் புத்தகத்தை இத்தனை வருஷம் கிண்டல் செய்தவர், திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"எத்தனாவது நாளுன்னு எழுதியிருக்க?"

பதினேழு என்றேன். பஞ்சாரத்தின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் பசியாற வந்தார்.