உப்பீனிகளின் வீட்டு எண்

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற மாதம் ஓரிரவு வேதியியல் நோட்டுடன் வந்து, எழுதிய விடைகளைச் சரிபார்க்கச் சொன்னாள். நான் தமிழ் நடத்துபவன். ஆயினும் மறுக்க மனம் வரவில்லை.

ஹாலஜன்கள் எத்தனையாவது தொகுதி என்ற வினாவுக்கு 17 என்று எழுதியிருந்தாள். அதை அடித்து 7 என்று திருத்தினேன்.

"புத்தகத்துல பதினேழுன்னுதாம்ப்பா இருக்கு."

"அச்சுப்பிழையா இருக்கும். ஏழு ஏ. நான் மனப்பாடமாப் படிச்சது."

அவள் என்னை நம்பினாள். தேர்வில் 7 என்றே எழுதி ஒரு மதிப்பெண்ணை இழந்தாள். விடைத்தாளை என் மேசைமீது வைத்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் போனாள்.

அன்றிரவு அவளுடைய பாடநூலை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். பிழை அச்சில் இல்லை. ஏ, பி என்ற பழைய குறிகளை அமெரிக்காவில் ஒரு விதமாகவும் ஐரோப்பாவில் வேறு விதமாகவும் வழங்கிவந்தார்கள். அந்தக் குழப்பம் தீர 1988-இல் வேதியியலாளர்களின் பன்னாட்டு ஒன்றியம் 1 முதல் 18 வரை நேராக எண்ணும் முறையைப் பரிந்துரைத்தது. வீடு அதே வீடுதான்; கதவு எண் மாறிவிட்டது.

எண்ணை மறந்தாலும் வழி தவறாது. தனிம வரிசை அட்டவணையின் வலக்கோடியில் எவரோடும் எளிதில் சேராத மந்த வாயுக்களின் நிரல். அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பது ஹாலஜன்களின் நிரல். மேலிருந்து கீழாகப் புளோரின், குளோரின் வாயுக்கள். புரோமின் செம்பழுப்புத் திரவம். அயோடின் கருமையான திண்மம். தோற்றத்தில் ஒன்றுக்கொன்று உறவே இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள். எட்டுக்கு ஒன்று குறை. அந்த ஒன்றுக்கான தவிப்புதான் அவற்றின் குணம். சோடியத்திடமிருந்து குளோரின் அதைப் பெறும்போது நம் சமையலறை உப்பு பிறக்கிறது. ஹாலஜன் என்ற சொல்லுக்கும் உப்பைப் பிறப்பிப்பது என்றே பொருள். உப்பீனி என்று தமிழாக்கியவரை மனத்துக்குள் வணங்கினேன்.

1869-இல் மெண்டலீவ் தனிமங்களை அணு எடைப்படி அடுக்கினார். எடையை மட்டும் பார்த்திருந்தால் அயோடினுக்குப் பிறகே டெல்லூரியம் வரவேண்டும். அயோடின் 127, டெல்லூரியம் 128. ஆனால் அயோடினின் குணமோ குளோரின், புரோமினோடு சேர்ந்தது. ஆகவே டெல்லூரியத்தை முன்னே வைத்து, அதன் எடைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டார். எடையைத் தவறாக அளந்துவிட்டார்கள் என்பது அவர் எண்ணம். எடையில் பிழையில்லை. 1913-இல் மோஸ்லியின் ஊடுகதிர் ஆய்வுகள் வரிசையின் அடிப்படை எடையன்று, அணு எண்ணே என்று காட்டின. டெல்லூரியம் 52, அயோடின் 53. மெண்டலீவ் சொன்ன காரணம் தவறு. கொடுத்த இடம் சரி.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். நான் தமிழ் இலக்கியம் படிக்க வந்ததும் ஓர் எடைக்கணக்கால்தான். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் மதிப்பெண் குறைந்தது, அறிவியல் பிரிவு எதிலும் இடமில்லை, தமிழில் இருந்தது. உறவினர்கள் கேட்டால் என் அப்பா பேச்சை மாற்றுவார். வகுப்பறையில் நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அனுப்பிய காரணம் தவறாயினும் வந்துசேர்ந்த இடம் சரியானதே. இருந்தும் அந்தப் பழைய காயம் உள்ளே கிடந்திருக்கிறது. எனக்கும் வேதியியல் தெரியும் என்று யாருக்கோ காட்டத்தான் அன்று மகளின் விடையை அடித்திருக்கிறேன். நட்டம் அவளுக்கு.

காலையில் அவளிடம், "நீ எழுதினதுதாம்மா சரி" என்றேன்.

"எனக்குத் தெரியும்ப்பா. நீங்க சொன்னீங்கன்னுதான் மாத்தினேன்."

டெல்லூரியத்தின் கதையைச் சொன்னேன். என் மதிப்பெண் கதையையும் முதன்முறையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அடுத்த தடவை புத்தகத்தையும் பாத்துட்டுத் திருத்துங்கப்பா."