கண்டி மலைகளும் ஒரு செம்புக் கம்பியும்

கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து கண்டிமாநகரை அணுகும் பிரயாணிக்கு, அந்நகரம் ஏன் அத்தனை காலம் அந்நியர் ஆட்சிக்கு உட்படாமல் நின்றது என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில், ஒரு கிண்ணத்தின் அடியில் வைத்தாற்போல் நகரம் அமைந்திருக்கின்றது. தெற்கே ஹந்தானை மலை. வடகிழக்கே தும்பறை மலைத்தொடர். தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தைக்கலைக் காடு. போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் களைப்படையச் செய்த இம்மலைகள், 1815ஆம் ஆண்டு வரை கண்டி அரசுக்கு இயற்கை மதிலாக விளங்கின.

அதே மலைகள் இன்று வேறொன்றையும் மறிக்கின்றன. அதுவே வானொலி அலை. பொழுதுபோக்காகவும் பொதுநலத் தொண்டாகவும் சொந்த வானொலி நிலையம் வைத்துப் பேசும் அமெச்சூர் அன்பர்கள் இதனை நன்கறிவர். கையடக்கக் கருவியின் இரண்டு மீட்டர் அலை பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்லும்; எதிரே மலை நின்றால் பேச்சு நின்றுவிடும். ஆனால் 40 மீட்டர்ச் சிற்றலையின் வழி வேறு. தாழ்வாகக் கட்டிய ஏரியலிலிருந்து அது வானை நோக்கி எழும்பி, பகற்பொழுதில் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டு, மழைபோல் தேசமெங்கும் இறங்கும். கண்டிக் கிண்ணத்தின் அடியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் குரல் செல்ல வழி அதுதான். மதிலைத் துளைக்க முடியாதவன் அதன் மேலாகத் தாண்டுவதைப் போன்றது இது.

செய்திப் போக்குவரத்துக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு புதியதன்று. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகத்தைப் புதுடில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். மகாவலி கங்கை வளைந்து சூழும் பேராதனைப் பூந்தோட்டமே அப்பெரும் பாசறையாயிற்று. பர்மாப் போர்முனைக்கான கட்டளைகள் இம்மலைகளுக்கு நடுவேயிருந்து புறப்பட்டன.

சமாதான காலத்திலும் இத்தேவை ஒழிந்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி தென்கரையைத் தாக்கித் தொலைபேசிகளை ஊமையாக்கியபோது, இலங்கை அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டையில் சிற்றலை நிலையம் அமைத்துக் கொழும்புக்குச் செய்தி அனுப்பினர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையில் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் சரிந்து பல உயிர்கள் மாண்டன, பாதைகள் துண்டிக்கப்பட்டன, மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போயின. அத்தகைய நேரத்தில் ஒரு மோட்டார்க் கார் மின்கலமும் ஒரு செம்புக் கம்பியும் ஓர் ஊரின் குரலாகக் கூடும்.

ஆனால் கம்பியைக் கட்டினால் மட்டும் போதாது. அதனை அளந்து பொருத்த வேண்டும். மெல்லிய கயிற்றைத் தடித்த கயிற்றோடு முடிந்து ஒரு முனையைச் சுண்டிப் பாருங்கள். எழும் அலையில் ஒரு பகுதி முடிச்சிலேயே திரும்பி வரும். மின்னலைக்கும் அதுவே நியதி. மாறும் மின்னோட்டத்துக்கு ஒரு சுற்றுக் காட்டும் எதிர்ப்பை ‘இம்பீடன்ஸ்’ என்பர். 1886இல் ஒலிவர் ஹெவிசைட் என்னும் ஆங்கில அறிஞர் இட்ட பெயர் இது. இக்காலத்து அமெச்சூர்க் கருவிகளும் கேபிள்களும் பெரும்பாலும் 50 ஓம் அளவுக்கு அமைந்தவை. நடுவில் வெட்டிக் கேபிள் இணைத்த அரையலை ஏரியல், தடையற்ற வெளியில் சுமார் 73 ஓம் காட்டும். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் ஆற்றல் திரும்பி வந்து, கேபிளில் நிலையலை தோன்றும். நிலையலை விகிதம் 2 ஆனால் ஒன்பதில் ஒரு பங்கு திரும்பும். 3 ஆனால் நாலில் ஒரு பங்கு. கருவியோ தன்னைக் காத்துக்கொள்ளத் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும்.

இங்கேதான் இடத்தின் குணம் வந்து சேர்கின்றது. புத்தகத்திலுள்ள 73 ஓம் ஹந்தானைச் சரிவில் செல்லாது. கம்பிக்கும் தரைக்கும் உள்ள உயரம், மண்ணின் ஈரம், பக்கத்துப் பலாமரம், தகரக் கூரை ஆகிய யாவும் அவ்வெண்ணை மாற்றும். மழையில் நனைந்த இலைகளைத் தொட்டுக்கொண்டு தொங்கும் கம்பி, வெயிற்காலத்தில் காட்டிய அளவை மழைக்காலத்தில் காட்டாது. ஆகவே ஏரியலை அது தொங்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். வெயிலில் ஒருமுறையும் நல்ல மழைக்குப்பின் ஒருமுறையும் அளந்து, இரண்டையும் குறித்து வைப்பது உத்தமம்.

அளக்கும் கருவி முன்னாளில் பெரிய ஆய்வுகூடங்களுக்கே உரியதாயிருந்தது. இன்றோ ‘நானோ வி.என்.ஏ.’ என்னும் உள்ளங்கைக் கருவி, ஒரு கல்லூரி மாணவர் கழகம் வாங்கக்கூடிய விலைக்குக் கிடைக்கின்றது. 1939இல் பிலிப் ஸ்மித் வெளியிட்ட வட்ட வரைபடத்தையும் அதன் சிறுதிரையிலேயே காணலாம். முறை எளிது. 20.6 மீட்டர் நீளக் கம்பி 6.9 மெகாஹேர்ட்ஸில் ஒத்திசைகின்றது, நமக்கு வேண்டியது 7.05 என்று வைத்துக்கொள்வோம். நீளத்தை 6.9ஆற் பெருக்கி 7.05ஆல் வகுக்க, சுமார் 20.16 மீட்டர் வரும். ஆகவே இரு முனைகளிலும் 22 சென்டிமீட்டர் வீதம் குறைக்க வேண்டும். எனினும் ஒரேயடியாக வெட்டாமல், சிறிது சிறிதாக மடித்து மடித்து அளப்பதே விவேகம். வெட்டிய கம்பி வளராது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அளவு பொருந்திவிட்டதனால் மட்டும் ஏரியல் நல்லதாகிவிடாது. 50 ஓம் தடையொன்றைக் கேபிளின் முனையில் மாட்டினால் பொருத்தம் பூரணமாயிருக்கும். சக்தி முழுவதும் சூடாகுமேயன்றி அலையாகாது. எனவே அளந்தபின் பேசிப் பார்ப்பதே முடிவான சோதனை. ஒலிபரப்ப அனுமதிப்பத்திரம் அவசியம். ஏரியல் மின்கம்பிகளுக்கு அருகே போகலாகாது. கண்டியில் ஐப்பசி மாதத்து மாலை இடி தொடங்குமுன் கேபிளைக் கழற்றிவிடவும் வேண்டும்.

அடுத்த முறை கண்டிக்குச் செல்லும் மாணவ அன்பர்கள், வாவியையும் பூந்தோட்டத்தையும் கண்டபின், ஹந்தானைச் சரிவிலேறிச் சுற்றிலும் ஒருமுறை நோக்குவார்களாக. மலைமடிப்புகளில் ஒதுங்கிக் கிடக்கும் தோட்டக் குடியிருப்புகளும் கிராமங்களும் தென்படும். மழைக்காலம் வந்து பாதைகள் மூடப்பட்டால் அவர்களுடைய குரல் எவ்வழியே வெளிவரும்? அக்கேள்விக்கு விடை தேடவேண்டிய காலம் பெருமழை நாள் அன்று. வானம் தெளிந்திருக்கும் இன்றைய நாளே ஆகும்.